ட்ரேட் நடந்த அன்றே 'யாருக்கு வெற்றி' என்று எழுதலாமா? என்எஃப்எல் ரசிகர்களுடன் ஒரு செய்தியாளர்

மேசைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். டெக்சாஸில் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். அதில் பதினொரு வருடம் என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக் மட்டும்தான். பயிற்சி மைதானத்தின் வெயில், தோற்ற அணியின் உடைமாற்றும் அறை, ஏப்ரலில் கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் இரவு, இப்படியே வயது போனது.

டல்லாஸ் கவ்பாய்ஸ் தன் வீரர் மைக்கா பார்சன்ஸைக் கிரீன் பே பேக்கர்ஸுக்குக் கொடுத்துப் பதிலுக்கு வேறு வாங்கிக்கொண்டதே, அந்த ட்ரேட் பற்றிப் போன வாரம் இங்கே நடந்த சண்டையை முழுக்கப் படித்தேன். ஒருவர் "டல்லாஸ் தன் கண்ணைத் தானே குத்திக்கொண்டது" என்றார். இன்னொருவர் "பேக்கர்ஸ்தான் ஏமாந்தது" என்றார். மூன்றாமவர் "நிருபர்கள் எல்லாம் ஏஜென்டுகளின் ஊதுகுழல்" என்று முடித்துவிட்டார். மூன்றையும் பற்றிப் பேச ஆசை. கேளுங்கள், இன்று இரவு இங்கேதான் இருப்பேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ட்ரேட் நடந்த அன்று நமக்குத் தெரிவது விலை மட்டும். வாங்கியது பொன்னா பித்தளையா என்பது மூன்று நான்கு வருடம் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கே இரண்டு அணிக்கும் மதிப்பெண் போட்டு நானும் நிறைய எழுதியிருக்கிறேன். பின்னால் எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் தப்பு.

மதுரைவீதி

சார், நான் இந்த ஆட்டத்துக்குப் புதிது. திங்கட்கிழமை விடியற்காலை எழுந்து பார்க்கிறேன். ஐரோப்பியக் கால்பந்தில் கிளப் பணம் கொடுத்து ஆளை வாங்கும். இங்கே பணமே கைமாறவில்லை, 'இரண்டு முதல் சுற்றுப் பிக்' என்கிறார்கள். அது என்ன?

மேசைக்காரன்

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் தம்பி. ஒவ்வொரு வருடமும் ஏப்ரலில் கல்லூரி வீரர்களை 32 அணிகளும் ஏழு சுற்றுகளாகத் தேர்ந்தெடுக்கும். முந்தைய வருடம் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வரிசை. அந்த வரிசையில் நிற்கும் உரிமைதான் பிக். அதை வேறு அணிக்குக் கொடுக்கலாம். இன்னும் வராத வருடங்களின் உரிமையைக்கூடக் கொடுக்கலாம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. டல்லாஸ் கையில் கிரீன் பேயின் பிக் இருக்கிறது என்றால், கிரீன் பே எவ்வளவு தோற்கிறதோ அவ்வளவுக்கு அந்தப் பிக் மேலே ஏறும். அதனால் விலையே ஓரிடத்தில் நிற்காது. முதல் நாளில் தீர்ப்பு எழுத முடியாது என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

பணம் வேறு வழியில் உள்ளே வருகிறது. ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2025இல் அது 27.92 கோடி டாலர். ஒரு வீரரை எடுப்பது என்றால் அந்த வரம்புக்குள் அவர் சம்பளத்தையும் உட்கார வைக்க வேண்டும்.

நீலநட்சத்திரம்

நான் ஐர்விங்கில் 27 வருடமாக இருக்கிறேன். என் பையனுக்கு 11ஆம் எண் சட்டை வாங்கிக்கொடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பார்சன்ஸ் போன அன்று அவன் சாப்பிடவே இல்லை. எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். உங்கள் தொழில்காரர்களுக்கு முன்பே தெரியுமா? தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்களா?

மேசைக்காரன்

இல்லை ஐயா. மறைக்கவில்லை, தப்பாகக் கணித்தார்கள். எப்படி என்று சொல்கிறேன்.

2025 ஆகஸ்ட் 1 அன்று மைக்கா பார்சன்ஸ் தன் எக்ஸ் பக்கத்தில் 'என்னை ட்ரேட் செய்யுங்கள்' என்று வெளிப்படையாகவே எழுதினார். நான்கு பருவத்தில் 52.5 சாக் எடுத்தவர், அதாவது பந்தை வீசப்போகும் எதிரணி வீரரை அத்தனை முறை வீழ்த்தியவர். டல்லாஸ் உரிமையாளர் ஜெரி ஜோன்ஸ் ஏஜென்டை ஒதுக்கிவிட்டு நேரடியாக அவரிடமே சம்பளம் பேசினார் என்பதும் வெளியே வந்தது. ஆகஸ்ட் 22 ஒத்திகை ஆட்டத்தில் அவர் அணி பெஞ்சுக்குப் பின்னால் ஒரு மேசையில் மல்லாந்து படுத்திருந்ததை டிவி காட்டியது. ஆறு நாள் கழித்து, 28ஆம் தேதி, ஆள் கிரீன் பேயில். டல்லாஸுக்கு 2026, 2027 முதல் சுற்றுப் பிக்குகளும் கென்னி கிளார்க் என்ற தடுப்பு வீரரும். பார்சன்ஸுக்கு நான்கு வருடத்துக்கு 18.8 கோடி டாலர் ஒப்பந்தம்.

இத்தனை அறிகுறி இருந்தும் அந்த மாதம் முழுக்க 'கடைசி நேரத்தில் கையெழுத்தாகிவிடும்' என்றே பெரும்பாலோர் எழுதினார்கள். ஏன்? முந்தைய வருடம் டல்லாஸின் இன்னொரு வீரர் சீடீ லாமுக்கு ஆகஸ்ட் கடைசியில் கையெழுத்தானது. டாக் பிரெஸ்காட்டுக்கு முதல் ஆட்டம் நடந்த அன்று காலையில் ஆனது. 'ஜெரி இழுப்பார், இழுப்பார், கடைசியில் கொடுத்துவிடுவார்' என்பது டல்லாஸ் நிருபர்களின் கைப்பழக்கமாகிவிட்டது. பழக்கத்தை யாரும் தொலைபேசி எடுத்துச் சரிபார்க்கவில்லை. நான் அந்தச் சமயம் மேசையில் இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

தேர்வுநாள்

அண்ணா, நான் டிராஃப்ட் கணக்கில் ஊறியவள். இந்த ட்ரேட் நடந்ததும் எல்லோரும் 'ஹெர்ஷல் வாக்கர்' என்று ஆரம்பித்தார்கள். எனக்கு அந்த ஒப்பீடு பொருந்தவே இல்லை. 1989இல் டல்லாஸுக்கு வந்தது ஒரு மலை. இப்போது வந்தது இரண்டு பிக்கும் ஒரு ஆளும். அந்தக் கதையை நீங்கள் முழுசாகச் சொல்லுங்களேன்.

மேசைக்காரன்

சொல்கிறேன். என் கட்சிக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

1989 அக்டோபர். ஜெரி ஜோன்ஸ் அந்த பிப்ரவரியில்தான் அணியை வாங்கியிருந்தார். டல்லாஸ் கோயில்போல் மதித்த டாம் லேண்ட்ரியை அனுப்பிவிட்டுக் கல்லூரிப் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனைக் கொண்டுவந்தார். ஐந்து ஆட்டம், ஐந்தும் தோல்வி. ஊரே கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தது. ஜான்சனும் உதவிப் பயிற்சியாளர்களும் தினமும் ஒன்றாக ஓடுவார்கள். அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் 'நம்மிடம் விலைபோகிற பொருள் என்ன இருக்கிறது' என்ற பேச்சு வந்தது. இருந்தது ஒன்றுதான். முந்தைய வருடம் 1,514 கஜம் ஓடிய ஹெர்ஷல் வாக்கர். அவரையே விற்கலாம் என்று ஜான்சன் சொன்னதும் கூட ஓடியவர்கள் திகைத்துவிட்டார்கள்.

கிளீவ்லண்டும் கேட்டது, மினசோட்டா வைகிங்ஸும் கேட்டது. வைகிங்ஸின் பொது மேலாளர் மைக் லின்னுக்கு ஒரே நினைப்பு: எங்களிடம் எல்லாம் இருக்கிறது, ஓடுகிற ஒருவன் கிடைத்தால் சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியே எங்களுக்கு. அக்டோபர் 12 அன்று ஒப்பந்தம் முடிந்தது. போவதற்கு வாக்கர் சம்மதிக்க ஜோன்ஸ் தனியாக 12.5 லட்சம் டாலர் கொடுத்தார்.

டல்லாஸுக்கு வந்தது ஐந்து வீரர்களும் ஒரு கட்டு பிக்குகளும். ஊரில் பேச்செல்லாம் அந்த ஐந்து பேரைப் பற்றித்தான். வாக்கருக்கு இவர்கள் ஈடா என்று டல்லாஸ் பத்திரிகைகளில் பலரும் திட்டித் தீர்த்தார்கள். மினசோட்டாவில் ஒரே கொண்டாட்டம். அந்த ஞாயிறு பேக்கர்ஸுக்கு எதிராக வாக்கர் முதல் முறை பந்தை வாங்கி ஓடியதிலேயே 47 கஜம், ஒரு ஷூ கழன்று போயும் நிற்காமல் ஓடினார். மொத்தம் 148 கஜம். வைகிங்ஸ் ரசிகனுக்கு அன்று யாராவது 'பொறு' என்று சொல்லியிருந்தால் அடித்திருப்பான்.

ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. அந்த வீரர்கள் ஒவ்வொருவரோடும் ஒரு பிக் கட்டப்பட்டிருந்தது. 1990 பிப்ரவரி 1க்குள் டல்லாஸ் அந்த வீரரை அணியிலிருந்து விடுவித்தால், அவரோடு கட்டிய பிக் டல்லாஸுக்கு. ஜான்சன் முதல் நாளிலிருந்தே குறிவைத்தது பிக்குகளைத்தான். லின் நினைத்ததோ, இவ்வளவு மோசமான அணி நல்ல ஆட்களை விடவா போகிறது என்று. வந்த வீரர்களை அதிகம் ஆடவைக்காதீர்கள் என்று ஜான்சன் தன் உதவியாளர்களிடமே சொல்லி வைத்திருந்தார். நன்றாக ஆடிவிட்டால் விடுவிக்க மனசு வராதே. கடைசியில் லின்னோடு பேசிப் பேசி ஐவரில் மூவரை வைத்துக்கொண்டே பிக்குகளையும் வாங்கிவிட்டார்.

வைகிங்ஸ் கொடுத்த பிக்கை வைத்து 1990 டிராஃப்டில் முன்னேறி எடுத்தவர் எமிட் ஸ்மித். 18,355 கஜம், என்எஃப்எல் வரலாற்றிலேயே அதிகம், இன்றுவரை. இன்னும் சில பிக்குகளைக் கைமாற்றி 1991இல் முதல் ஆளாக ரஸ்ஸல் மேரிலண்ட். 1989இல் 1-15, அதாவது ஒரு வெற்றி பதினைந்து தோல்வி என்று முடித்த அணி 1992, 1993, 1995 பருவங்களில் சூப்பர் பவுல் வென்றது. வாக்கர் இருந்தவரை வைகிங்ஸ் பருவ முடிவில் நடக்கும் பிளேஆஃப் ஆட்டம் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை.

எங்கள் பத்திரிகையின் பழைய நுண்படச் சுருள்களில் அந்த அக்டோபர் மாதத்தை ஒரு மத்தியானம் முழுக்க உருட்டிப் பார்த்தேன். படச்சுருள் கருவி கரகரவென்று சுற்றும், கண் எரியும். என் முன்னோடிகள் வாக்கரின் தொடையைப் பற்றி எழுதினார்கள், ஜான்சனின் தலைமுடியைப் பற்றி எழுதினார்கள். 'பிப்ரவரி 1 அன்று என்ன நடக்கும்' என்பதை மையமாக வைத்து ஒருவரும் எழுதியதாக என் கண்ணில் படவில்லை. எனக்கு அன்றுதான் உறைத்தது: ட்ரேட் செய்தி என்றால் முதலில் நிபந்தனையைப் படிக்க வேண்டும், பெயர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தேர்வுநாள்

அந்த 'பாயின்ட் அட்டவணை'யும் இதே ஜான்சனிடமிருந்து வந்ததுதானே? முதல் பிக் 3,000, இரண்டாவது 2,600, பத்தாவது 1,300 என்று இறங்கிக்கொண்டே போகும். நாங்கள் இன்றைக்கும் அதை வைத்துத்தான் சண்டை போடுகிறோம்.

மேசைக்காரன்

ஆமாம், 1991. போட்டவர் மைக் மெக்காய், எண்ணெய்த் தொழிலில் ஜெரி ஜோன்ஸின் கூட்டாளி, பொறியாளர். பழைய ட்ரேடுகளை எல்லாம் எடுத்துவைத்து எந்த இடத்துக்கு என்ன விலை போயிருக்கிறது என்று கணக்குப் போட்டார். டல்லாஸ் பயிற்சியாளர்கள் வேறு அணிகளுக்குப் போனபோது அட்டவணையும் கூடவே போய்விட்டது. அது நேற்று வரை மற்றவர்கள் கொடுத்த விலையைச் சொல்லும். எடுக்கப்போகிற பையன் நன்றாக ஆடுவானா என்று சொல்லாது. அட்டவணையை வைத்து 'இந்த அணி 240 பாயின்டில் ஜெயித்தது' என்று தலைப்புப் போடும்போது அந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது.

மில்வாக்கிக்காரர்

பார்சன்ஸ் வந்தபோது எங்கள் தெருவில் பட்டாசு வெடிக்காத குறைதான். செப்டம்பர் 28 அன்று டல்லாஸில் போய் ஆடியதில் 40-40 என்று சமனில் முடிந்தது, அன்று பாதி ரசிகர்களுக்கு மாரடைப்பே வந்திருக்கும். டிசம்பர் 14, டென்வரில் அவர் முழங்கால் தசைநார் கிழிந்தது. வீட்டில் ஒருவரும் பேசவில்லை. இப்போது எல்லோரும் 'பார்த்தீர்களா, பேக்கர்ஸ் தோற்றது' என்கிறார்கள். நீங்கள் சொல்லுங்கள் அண்ணாச்சி, தோற்றதா?

மேசைக்காரன்

தோற்கவில்லை, ஜெயிக்கவும் இல்லை. 26 வயது ஆள், நான்கு வருட ஒப்பந்தத்தில் முதல் வருடம். முழங்கால் கிழிந்து திரும்பி வந்து நன்றாக ஆடியவர்கள் நிறையப் பேர். அதேபோல டல்லாஸ் பக்கமும் கதை முடியவில்லை. நவம்பர் 4 அன்று நியூயார்க் ஜெட்ஸிடமிருந்து குயின்னன் வில்லியம்ஸை வாங்க, ஒரு 2027 முதல் சுற்றுப் பிக்கையும், 2026 இரண்டாம் சுற்றுப் பிக்கையும், மாஸி ஸ்மித் என்ற வீரரையும் கொடுத்தார்கள். பார்சன்ஸைக் கொடுத்துக் கிடைத்த வசதி இல்லாவிட்டால் அந்த விலையைக் கொடுக்கத் துணிந்திருப்பார்களா? அப்படியானால் வில்லியம்ஸ் எப்படி ஆடுகிறார் என்பதும் இந்த ட்ரேடின் கணக்கில் வரும். ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளை. 2027 ஏப்ரல் வரையாவது காத்திருக்க வேண்டும்.

ஓக்லாந்து அக்கா

எனக்கு இந்தப் பேச்சில் ஒன்று உறுத்துகிறது. 2018 செப்டம்பர் 1, சனிக்கிழமை காலை. எங்கள் ஓக்லாந்து ரெய்டர்ஸின் கலீல் மேக் சிகாகோவுக்குப் போய்விட்டார் என்று போனில் பார்த்தேன். இரண்டு முதல் சுற்றுப் பிக் வந்தது என்று எழுதினார்கள். ஒன்றில் ஜோஷ் ஜேக்கப்ஸ் வந்தார், சரி. இன்னொன்றில் வந்தவர் இரண்டாவது பருவம் முடிவதற்குள் அணியிலேயே இல்லை. 2020இல் அணியே லாஸ் வேகாஸுக்குப் போய்விட்டது. எங்களுக்கு வீரரும் போனார், அணியும் போனது. ஆனால் செய்தியில் எப்போதும் 'சொத்து', 'மதிப்பு', 'மூலதனம்'. மேக் ஒரு மனுஷன். நாங்களும் மனுஷர்கள்தான். விளையாட்டு எழுத்தில் ஏன் இந்தப் பங்குச்சந்தை மொழி?

மேசைக்காரன்

அக்கா, இதற்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. நீங்கள் சொல்வது சரி.

சம்பள வரம்பு வந்தது 1994இல். அதற்குப் பிறகு எங்கள் எழுத்தும் கணக்குப்பிள்ளை எழுத்தாக மாறிவிட்டது. கணக்கு தெரியாமல் இன்று செய்தி எழுத முடியாது, அது உண்மை. ஆனால் கணக்கு மட்டுமே செய்தியாகிவிட்டது எங்கள் குற்றம்.

ஒரு காட்சி சொல்கிறேன். நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ட்ரேட் கெடு நாள். பன்னிரண்டு மணிக்கு உடைமாற்றும் அறையைத் திறந்தார்கள். ஒரு லாக்கர் காலி. பெயர்ப் பட்டையைக் கழற்றியிருந்தார்கள், அதன் பின்னால் இருந்த பசை மட்டும் இரண்டு மஞ்சள் கோடாக அப்படியே இருந்தது. கீழே ஒரு குழந்தையின் கிரேயான் படம், டேப் விட்டுப்போய்த் தரையில் கிடந்தது. உடை பொறுப்பாளர் அதை எடுத்து மடிக்காமல் ஒரு அட்டை உறைக்குள் வைத்தார். 'இதை அவர் மனைவிக்கு அனுப்பணும்' என்றார். அந்த வீரரின் மகள் அந்த வாரம் பள்ளி நாடகத்தில் நடிக்கவிருந்தாள். நான் அன்று எழுதியது 600 சொல். அதில் சம்பள வரம்பு இருந்தது, நான்காம் சுற்றுப் பிக் இருந்தது. அந்தப் படம் இல்லை. இன்றைக்கும் அது மனசை அரிக்கிறது.

வாக்கர் ட்ரேடிலேயே டேரின் நெல்சன் என்றொருவர் இருந்தார். மினசோட்டாவிலிருந்து டல்லாஸுக்கு அனுப்பப்பட்டவர். வர முடியாது என்று மறுத்துவிட்டார். பிறகு சான் டியேகோவுக்குப் போனார். பதினெட்டு வீரர்களும் பிக்குகளும் கைமாறிய அந்தப் பெரிய பட்டியலில் அவர் ஒரு அடிக்குறிப்பு. என்னைக் கேட்டால் அவரை வைத்தே ஒரு முழுக் கட்டுரை எழுதியிருக்கலாம்.

ஓக்லாந்து அக்கா

அந்த அட்டை உறையை எழுதியிருந்தால் நான் அந்தப் பத்திரிகையைக் கத்தரித்து வைத்திருப்பேன்.

நீலநட்சத்திரம்

'ஊதுகுழல்' என்று சொன்னவன் நான்தான். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். அரை நிமிடத்தில் எக்ஸில் வருகிற செய்தி எல்லாம் யாரோ ஒருவர் வேண்டுமென்றே கொடுத்ததுதானே?

மேசைக்காரன்

விட்டுக்கொடுக்க வேண்டாம். பெரும்பகுதி உண்மை. ஏஜென்ட் கொடுப்பார், விலையை ஏற்ற. பொது மேலாளர் கொடுப்பார், இன்னொரு அணி இருக்கிறது என்று காட்ட. சில நேரம் உரிமையாளரே கொடுப்பார், ரசிகர்களை முன்கூட்டியே தயார்செய்ய. சும்மா கொடுப்பவர் குறைவு.

இந்த உறவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஊரறிந்த சம்பவம் ஒன்று இருக்கிறது. 2011இல் ஈஎஸ்பிஎன் விளையாட்டுத் தொலைக்காட்சியின் நிருபர் ஆடம் ஷெஃப்டர், இன்னும் வெளிவராத தன் கட்டுரையை வாஷிங்டன் அணியின் நிர்வாகி புரூஸ் ஆலனுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். அதில் அவரை 'ஆசிரியர் அவர்களே' என்ற பொருளில் அழைத்து, மாற்ற வேண்டியது ஏதாவது இருந்தால் சொல்லும்படி கேட்டார். பத்து வருடம் கழித்து, 2021 அக்டோபரில், நீதிமன்ற ஆவணங்கள் வழியாக அது வெளியே வந்தது. அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று ஷெஃப்டரே ஒப்புக்கொண்டார். உழைப்பில் அவருக்கு நிகர் யாரும் கிடையாது என்று இன்றும் நினைக்கிறேன். அதனாலேயே அந்தச் செய்தி என்னை அதிகம் உலுக்கியது.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஏஜென்ட் என்னைக் கூப்பிட்டு, தன் வீரர் இரண்டு நாளில் வேறு அணிக்குப் போகிறார் என்றார். அணியைக் கேட்டேன், 'கருத்துச் சொல்ல மாட்டோம்' என்றார்கள். நான் அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். அச்சேறியது. ட்ரேடும் இல்லை, ஒன்றும் இல்லை. ஏஜென்டுக்குப் புது ஒப்பந்தம் வேண்டியிருந்தது, அதற்கு அணியை நெருக்க என் பெயர் பயன்பட்டது. அந்த வீரரின் தாயார் என் செய்தியைப் படித்துவிட்டு மகனுக்குப் போன் செய்து அழுதாராம். மறுநாள் திருத்தம் போட்டோம், நான்காம் பக்கத்தின் மூலையில் மூன்று வரி. தப்பு முதல் பக்கம், திருத்தம் மூலை. ஆசிரியரிடம் அன்று நான் சண்டை போட்டிருக்க வேண்டும், போடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். குறிப்பேட்டில் ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் 'இது வெளிவந்தால் யாருக்கு லாபம்' என்று ஒரு பெயர் எழுதுவேன். தகவல் கொடுத்தவரும் லாபம் அடைபவரும் ஒரே ஆளாக இருந்தால், இன்னும் இரண்டு பேரைக் கேட்காமல் எழுத மாட்டேன். இதனால் நான் பின்தங்கிய செய்திகள் உண்டு. பரவாயில்லை.

ஒருபக்கம்

இவ்வளவு நேரம் படித்துவிட்டு ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ட்ரேட் அன்று மதிப்பெண் போடும் கட்டுரை எங்களுக்கு ஒரு சந்தோஷம். வேலை முடித்து வந்து, காபியோடு உட்கார்ந்து, 'இவனுக்குப் போய் ஏ ப்ளஸா' என்று நண்பர்களோடு கத்துவோம். மூன்று வருடம் பொறு என்றால் மூன்று வருடம் எதைப் பேசுவது? ரசிகன் நீதிபதி இல்லையே.

மேசைக்காரன்

நீங்கள் கத்துங்கள், நானும் வந்து கத்துகிறேன். ரசிகனுக்கு அந்த உரிமை உண்டு. செய்தியாளன் கத்துவதில்தான் எனக்குச் சிக்கல், அவன் கத்தல் தீர்ப்புபோல அச்சாகிவிடுகிறது.

அப்புறம், 'யார் ஜெயித்தார்' என்ற கேள்வியே சில நேரம் பொருந்தாது. 2021 ஜனவரியில் டெட்ராய்ட் லயன்ஸ், மேத்யூ ஸ்டாஃபர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் கொடுத்து, ஜாரெட் காஃபையும் இரண்டு முதல் சுற்றுப் பிக்குகளையும் ஒரு மூன்றாம் சுற்றுப் பிக்கையும் வாங்கியது. காஃப் அன்று யாருக்கும் வேண்டாத பொருள், அவர் சம்பளத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றே பேச்சு. அடுத்த வருடமே ஸ்டாஃபர்டோடு ராம்ஸ் சூப்பர் பவுல் வென்றது. 'பார்த்தீர்களா' என்றார்கள். 2024 ஜனவரி 14, டெட்ராய்ட். பிளேஆஃபில் ஸ்டாஃபர்ட் ஒரு பக்கம், காஃப் ஒரு பக்கம். 24-23, லயன்ஸ் வெற்றி. 32 வருடத்தில் அந்த ஊருக்கு முதல் பிளேஆஃப் வெற்றி. மைதானம் முழுக்க 'ஜாரெட் காஃப்' என்று அவர் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர் யாரும் இரண்டில் ஒன்றுக்கு மட்டும் ஏ ப்ளஸ் போட மாட்டார்.

மதுரைவீதி

சார், எனக்கு வரும் செய்தியில் எது உண்மை எது போலி என்றே தெரிவதில்லை. பெரிய நிருபர் பெயரில் நீல டிக்கோடு வருகிறது, அரை மணியில் பொய் என்கிறார்கள்.

மேசைக்காரன்

2022 நவம்பரில் ட்விட்டர் நீல டிக்கைக் காசுக்கு விற்க ஆரம்பித்தபோது ஷெஃப்டர் பெயரிலேயே ஒரு போலிக் கணக்கு, ரெய்டர்ஸ் பயிற்சியாளர் வேலையை விட்டு நீக்கப்பட்டார் என்று போட்டது. நிறையப் பேர் நம்பிவிட்டார்கள். கணக்கின் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அணியின் சொந்தப் பக்கத்தைப் பாருங்கள். பத்து நிமிடம் பொறுத்தால் பாதிப் பொய் தானாக விழுந்துவிடும்.

உண்மையான ட்ரேடே விழுவதும் உண்டு. 2017 அக்டோபர் 31, கெடு மாலை நான்கு மணி. கிளீவ்லண்டும் சின்சினாட்டியும் ஏ.ஜே. மெக்கரன் என்ற குவார்ட்டர்பேக்குக்காக, அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் வீரருக்காக, பேசி முடித்துவிட்டன. காகிதம் உரிய நேரத்தில் லீக் அலுவலகத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. ட்ரேட் இல்லை. 'முடிந்தது' என்று நிருபர் சொல்வதும் லீக் சொல்வதும் வேறு வேறு. மருத்துவப் பரிசோதனை முடிந்து, இரண்டு அணியும் லீகுக்குத் தெரிவித்த பிறகுதான் அது ட்ரேட்.

மதுரைவீதி

தமிழில் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுத ரொம்ப ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

மேசைக்காரன்

பழைய ட்ரேட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கைமாறிய ஒவ்வொரு பிக்கும் எங்கே போனது, எந்த ஆளாக மாறியது என்று கடைசி வரை துரத்துங்கள். வாக்கரையே எடுத்துப் பாருங்கள். முதல் பத்தியை இங்கே போடுங்கள், நான் பார்க்கிறேன்.

மதுரைவீதி

போடுகிறேன், திட்டாதீர்கள்.

"1989 அக்டோபர் 12 அன்று ஜிம்மி ஜான்சன் மினசோட்டா வைகிங்ஸைத் தந்திரமாக ஏமாற்றினார். அந்த அணி தன் எதிர்காலத்தையே ஹெர்ஷல் வாக்கருக்காக இழந்தது."

மேசைக்காரன்

வாக்கியம் ஓடுகிறது, நல்லது. 'ஏமாற்றினார்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். நிபந்தனை ஒப்பந்தத்தில் எழுதியே இருந்தது, லின் படித்துத்தான் கையெழுத்துப் போட்டார். இருவரும் ஒரே காகிதத்தில் வேறு வேறு விஷயத்தைப் பார்த்தார்கள், அதைச் சொல்லுங்கள். 'எதிர்காலத்தையே இழந்தது' என்பது நமக்கு இன்று தெரியும், அன்று தெரியாது. முதல் பத்தியில் வேண்டாம்.

மதுரைவீதி

"1989 அக்டோபர் 12 அன்று மினசோட்டா வைகிங்ஸ் ஐந்து வீரர்களையும் பல வருடப் பிக்குகளையும் கொடுத்து ஹெர்ஷல் வாக்கரை வாங்கியது. டல்லாஸில் ஜிம்மி ஜான்சனின் கண் பிப்ரவரி 1 என்ற தேதியில் இருந்தது. மினசோட்டாவில் மைக் லின்னின் கண் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் இருந்தது."

மேசைக்காரன்

இதை நான் அப்படியே அச்சுக்கு அனுப்புவேன் தம்பி. அடுத்த பத்தியில் எமிட் ஸ்மித்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள், எல்லோரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். டேரன் உட்சன் என்று ஒரு தடுப்பு வீரர் உண்டு, 1992 இரண்டாம் சுற்று, அதுவும் வைகிங்ஸ் கொடுத்த பிக். மூன்று சூப்பர் பவுலிலும் டல்லாஸில் இருந்தவர். அவரையும் சேருங்கள்.